பலகை எடுக்கும் நாள்

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், சுகமாக இருக்கிற ஒருவர் சுடுதண்ணியில் குளிப்பதில்லை. கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் தொட்டித் தண்ணியே பகலில் கையைச் சுடும். காய்ச்சல் கிடந்து எழும்பினவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான் இங்கே தண்ணி காய்ச்சுவது. அதனால் தண்ணி சூடாக்க ஒரு மெஷின் வாங்குவது என்ற பேச்சு, மகள் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன். சரியாகச் சொன்னால் அது மகளின் வீடு. இந்தப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கல்யாணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் மனைவியும் பின்னால் குசினியை ஒட்டிய அறைக்கு மாறிக்கொண்டோம். மருமகன் வந்து முன்பக்கத்தில் இருக்கிறார். அப்படி மாறிய பிறகு, ஒரு தகப்பன் அந்தச் சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிப்பான். யாரும் அப்படிச் சட்டம் போட்டதில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர், மகளுக்குக் கொடுத்த வளவின் வேலியைப் பற்றி மருமகனோடு வாய் கொடுத்தார். மருமகன் தாய் வீட்டுக்குப் போனவர் போனவர்தான். அந்தப் பெண் இன்றைக்கும் தனியாக இருக்கிறாள். காலையில் அவள் முற்றம் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் நான் வேலைக்குப் போகிறேன்.

நான் முதலிலேயே கதைக்கிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நெல் ஆலைக்குப் போனவன். நெல் அவிக்கிற பெரிய அடுப்புக்கு உமி தள்ளுவதுதான் இன்றைக்கும் வேலை. நாலு பேர் கூடி நின்றால் எனக்குக் கழுத்து வேர்க்கும். நெருப்புக்கு முன்னால் அந்தத் தொல்லை இல்லை. அது இருக்கிற இடத்தையும் அது போகப்போகிற இடத்தையும் கண்ணாலே பார்க்கலாம்.

முதலில் மனைவி பின்வளவில் கிடாரத்தை வைத்து, நொச்சியும் பாவட்டையும் போட்டுத் தண்ணி அவித்தாள். உமியை ஆலையிலிருந்து நானே கொண்டு வந்தேன். செலவென்று ஒன்றும் இல்லை. ஆனால் மகளுக்குச் சின்ன வயதிலிருந்து முட்டு. உமிப் புகை வீட்டுக்குள் போனதும் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பிள்ளையைப் பார்க்க வந்த மருத்துவமாது குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் புகை தாய்க்கும் கூடாது பிள்ளைக்கும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருமகன் நல்லவர். அதை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே போனை வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்து, எது நல்லது, எது செலவு குறைவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனைவி கதவடியில் நின்று கேட்டாள். நான் படியில் இருந்தேன்.

"காஸ்ல ஓடுறது ஒண்டு இரிக்கு மாமி. ஆனா காஸ் இல்லாமப் போனா என்ன செய்யிற?"

"ஐயோ, அது வேணாம் மகன். சிலிண்டரோட வரிசையில நிண்ட காலத்த நினைச்சா எனக்கு இப்பவும் கால் கடுக்குது."

"சோலர்தான் நல்லம். ஓட்டமாவடியில என்னோட வேலை செய்யிறவர் கூரையில பூட்டியிரிக்காரு. கரண்ட் செலவே இல்ல. ஆனா அத வாங்கிறதுக்கு வீட்டு உறுதிப் பத்திரத்தத்தான் அடகு வெக்கணும்."

"உறுதி உங்கட பொஞ்சாதிட கையில. அவளைக் கேளுங்க" என்றாள் மனைவி. அறைக்குள்ளிருந்து மகள், "தரமாட்டன் எண்டு சொல்லுங்கம்மா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரிய தாங்கி வைத்த மெஷின் நாள் முழுக்கக் கரண்ட் குடிக்குமாம். சின்னதாக ஒன்று இருக்கிறதாம். குளிக்கிற நேரம் மட்டும் ஓடும், தண்ணி அதற்குள்ளால் போகப் போகச் சூடாகும், விலையும் குறைவு. அதையே வாங்குவதென்று முடிவானது.

"மாமா என்ன சொல்லுறாரு?" என்று மருமகன் மனைவியிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"வெயில்ல ஒரு கறுத்த டிரம்ம வெச்சா..." என்று தொடங்கினேன்.

"ஓம், ஊரெல்லாம் வந்து பேரப்பிள்ளை டிரம்முல குளிக்கிறதப் பாக்கட்டும்" என்றாள் மனைவி. நான் விட்டுவிட்டேன்.

மெஷினைப் பூட்ட வந்தவர் மருமகனோடு ஒன்றாகப் படித்தவர், வயரிங் வேலை செய்கிறவர். குளியலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று ஏறியது. அதிலிருந்து பளபளவென்று ஒரு குழாய் இறங்கியது. போட்டால் பெட்டியில் சிவப்பு லைட் எரியும். தண்ணி உண்மையாகவே சூடாக வந்தது. மனைவி கையை நீட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அன்றைக்கே ட்ரிப் சுவிச் விழுந்தது. கரண்ட் எங்கேயாவது ஒழுகினால் தானாக விழுந்து முழு வீட்டையும் நிறுத்துகிற சுவிச் அது. தூக்கிவிட்டார்கள். அடுத்த நாள் மகள் குளிக்கிற நேரம் திரும்பவும் விழுந்தது. பிறகு ஒவ்வொரு நாளும். மின்விசிறி நிற்கும், பிள்ளை வேர்த்துக் கத்தும், மனைவி விசிறி மட்டையோடு ஓடுவாள். வயரிங்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

"உப்புக் காத்து மச்சான்" என்றார் அவர். "இந்தக் கரையில இரிக்கிற ட்ரிப் சுவிச்சுக்கெல்லாம் விசர். காத்தடிச்சாலும் விழும். நான் அந்தச் சுவிச்சுக்குள்ளால போகாம மெயின்ல இருந்து தனியா ஒரு வயர் இழுத்துத் தாறன். இனி ஒரு சோலியும் வராது."

சொன்னபடியே ஒரு சோலியும் வரவில்லை. சுவிச் விழுவது நின்றுவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி.

ஆலையில் ஆவிக் குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. அமுக்கம் கூடினால் அது கீச்சென்று கத்தும். காதுக்கு ஆகாத சத்தம்தான். ஆனால் கத்த வேண்டிய நேரத்தில் அது கத்தாமல் இருந்தால் நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழும்பி விடுவேன். அந்தக் கிழமை முழுக்க வீட்டுக்குள் எனக்கு அப்படித்தான் இருந்தது. விழாத சுவிச்சைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

நான் குளிப்பது கிணற்றடியில். மருமகனும் அங்கேதான். அந்த மெஷினில் மகள் மட்டும்தான் குளித்தாள். ஒரு நாள் பின்னேரம், பிள்ளையின் துணி நனைக்கச் சுடுதண்ணி பிடித்து வரச் சொன்னாள் மனைவி. வெறுங்காலோடு உள்ளே போய்க் குழாயைத் தொட்டேன். கெழுத்தி முள் குத்தினது போல விரலில் ஒன்று ஏறி மணிக்கட்டோடு நின்றது. கையை இழுத்துக்கொண்டேன். வாளி உருண்டது.

"கடிக்குது" என்றேன் வெளியே வந்து.

"என்ன கடிக்குது? பூரானா?"

"தண்ணி."

மனைவி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அன்றிரவு சாப்பாட்டில் அதுதான் கதை. மருமகன் எழும்பிப் போய்க் குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். அவர் காலில் செருப்பு இருந்தது. "ஒண்டுமில்ல மாமி."

"நான் ஒவ்வொரு நாளும் குளிக்கிறன் அப்பா" என்றாள் மகள். "எனக்கு ஒண்டும் செய்யல்லையே."

"உமி கிழிச்ச கை" என்றாள் மனைவி. "பச்சத் தண்ணி பட்டாலே எரியும். இது சுடுதண்ணி. கரண்ட் பாவம், அது என்ன செய்யும்?"

என் கையைப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான், கை முழுக்கக் கீறல். அதுதானோ என்று நானும் நம்பிக்கொண்டேன். நம்பினாலும் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு ஒரு நாள் அவர்கள் எல்லோரும் பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். என்ன நினைத்தேனோ, குளியலறைக்குள் போனேன்.

அங்கே ஒரு பலகை கிடந்தது. அடியில் இரண்டு சட்டம் அடித்த முதிரைப் பலகை. பிள்ளை பெற்றவள் ஈரச் சீமெந்தில் கால் வைத்தால் குளிர் ஏறும் என்று, மகளை அதன் மேல் நிறுத்தித்தான் மனைவி குளிக்க வார்ப்பாள். என் மனைவிக்கு அவளுடைய தாய் செய்தது. நான் அந்தப் பலகையில் ஏறி நின்று மெஷினைப் போட்டேன். சிவப்பு லைட் எரிந்தது. குழாயைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. இறுக்கிப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. அப்பாடா என்று ஒரு காலை இறக்கி ஈரத் தரையில் வைத்தேன்.

இந்த முறை மணிக்கட்டோடு நிற்கவில்லை. தோள் வரைக்கும் வந்தது. பல்லுக்கு நடுவில் இரும்பு ருசித்தது. எப்படிக் கையை எடுத்தேன் என்று தெரியாது. வெளியே கிணற்றுக் கட்டில் வந்து இருந்தேன்.

குளிருக்கென்று போட்ட பலகைதான் இத்தனை நாளும் என் மகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. மனைவிக்கு அது தெரியாது. அவளும் குதிகால் வெடிப்புக்கென்று எப்போதும் ரப்பர் செருப்போடு திரிகிறவள். அதனால்தான் எனக்கு மட்டும் கடித்தது.

முப்பத்தொண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற தீட்டைக் கழிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அன்றைக்குப் பெண்கள் கூடி, அந்தப் பலகையைக் கழுவி வெளியே எடுத்துவிடுவார்கள். தாயானவள் முதல் முறையாக வெறுங்காலோடு நிலத்தில் நின்று தலை முழுகுவாள். அதற்குப் பிறகுதான் அவள் வீடு முழுக்க நடக்கலாம், குசினிக்குள் வரலாம். எங்கள் வீட்டில் ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. சம்பந்தியம்மா புதுச்சீலை வாங்கிவிட்டார்.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். "பலகைய எடுக்க வேணாம்."

"என்ன கதை இது? முப்பத்தொண்டுக்கும் பலகையில நிண்டா சம்மந்தி என்ன சொல்லுவா?"

"நிலத்துல நிண்டா கரண்ட் அடிக்கும்."

"மறுகாத் தொடங்கிட்டாரு."

"மருமகனிட்ட நான் சொல்லட்டா?"

அவள் பாய் விரிப்பதை நிறுத்தினாள். "சொல்லுங்க. வீட்ட எழுதிக் குடுத்தும் மாமனாருக்கு அதிகாரம் போகல்ல எண்டு அந்தப் பிள்ளை நினைக்கட்டும். சொல்லிப்போட்டு மருமகன்ட உடுப்புப் பெட்டியையும் கட்டி வெய்யுங்க."

எனக்கு முற்றம் கூட்டும் அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். மனைவிக்கும் வந்திருக்கும். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆனாலும் காலையில் படலையடியில் நின்றேன். மருமகன் மோட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி..."

"சொல்லுங்க மாமா."

"அந்த... சுடுதண்ணி மெஷின்..."

"சோக்கா வேலை செய்யுது மாமா. நான் கணக்குப் பாத்தன், பில்லும் பெரிசா வராது." அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசம். தன் பெண்சாதிக்கென்று அவர் அந்த வீட்டில் செய்த முதல் வேலை அது.

"கவனமாப் போங்க" என்றேன்.

முப்பத்தொண்டு அன்று விடிய முதலே நான் எழும்பினேன். வாவிப் பக்கத்து வேலியோரம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரத்தில் உமி அடுப்பை மூட்டிக் கிடாரத்தை ஏற்றினேன். சுடுதண்ணி தயாராக இருந்தால் மெஷின் தேவைப்படாது என்பது என் எண்ணம். தண்ணி சூடேறிய நேரத்தில் கச்சான் கிளம்பியது. புகை தரையோடு தரையாக வளவைக் கடந்து நேராக வீட்டுக்குள் போனது. மகள் இருமுவது கேட்டது. மனைவி வாளியோடு ஓடி வந்தாள்.

"உங்களுக்கென்ன பேய் புடிச்சிட்டா? இண்டைக்கும் பிள்ளைக்கு முட்டு இழுக்கணுமா?"

நெருப்பில் தண்ணியை ஊற்றிவிட்டுப் போனாள். அடுப்பு கறுத்துச் சீறியது. கிடாரத்துத் தண்ணி மட்டும் சூடாக மிஞ்சியது.

பெண்கள் வந்துவிட்டார்கள். குளியலறையை மஞ்சள் தண்ணியால் கழுவினார்கள். பலகையை யாரோ வெளியே நீட்டி, வேலியில் சாத்தச் சொன்னார்கள். வாங்கினேன். அதன் அடிப்பக்கம் நனைந்து கறுப்பாக இருந்தது. நான் அதை வேலிக்குக் கொண்டு போகவில்லை. குளியலறை வாசலிலேயே திரும்ப வைத்தேன்.

சம்பந்தியம்மா பார்த்துவிட்டார். "அண்ணன், மகளுக்குத் துடக்குக் கழியுது. இனி அவ எங்கயும் கால் வெக்கலாம். நீங்கதான் இன்னும் பலகையில நிக்கிறீங்க."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி காலாலேயே பலகையை ஓரத்துக்குத் தள்ளினாள். மகள் தலையில் எண்ணெய் வடிய, நெஞ்சுக்கு மேல் சீலை கட்டிக்கொண்டு வந்தாள். வெறுங்கால். தரையில் மஞ்சள் தண்ணி தேங்கி மினுங்கியது. "மெஷினப் போடு புள்ள" என்றது ஒரு குரல். சிவப்பு லைட் எரிந்தது. மகள் நிலையைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

மெயின் சுவிச் பின் விறாந்தைச் சுவரில், குளியலறைக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் நடந்து போய் அதைக் கீழே இழுத்தேன்.

விசிறிகள் சுழன்று சுழன்று நின்றன. சிவப்பு லைட் அணைந்தது. "அட, கரண்ட் போயிட்டு!" "இவனுகளுக்கு நேரம் காலமே இல்ல." எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள்.

"கிடாரத்துல சுடுதண்ணி கிடக்கு" என்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை.

அந்தத் தண்ணியில்தான் மகள் முழுகினாள். குளியலறைக்குள் குரவை கேட்டது. நான் சுவிச்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

நின்றிருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். பக்கத்து வளவில் தண்ணி மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. முற்றத்தில் பந்தல் கயிறு கட்டிக்கொண்டிருந்த மருமகனுக்கும் அது கேட்டது. "அங்க கரண்ட் இரிக்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் கையைப் பார்த்தார்.

"மாமா, நீங்களா நிப்பாட்டின?"

"ஓம்."

"ஏன்?"

"அது கடிக்குது தம்பி. பலகையில நிண்டா கடிக்காது. நிலத்துல நிண்டா கடிக்கும்."

ஈரத் தலையோடு மகள் கதவடியில் நின்றாள். சம்பந்தியம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மருமகனுக்கு முகம் சிவந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. இத்தனை பேருக்கு முன்னால் என்பதுதான்.

"சரி" என்று செருப்பைக் கழற்றினார். "இப்பவே பாத்துப்போடுவம்."

"வேணாம் தம்பி."

"இல்ல மாமா. எல்லாரும் நிக்கிற நேரம் பாத்தாத்தான் இந்தக் கதை முடியும்."

அவரே சுவிச்சை மேலே தள்ளினார். அவரே உள்ளே நடந்தார். மெஷினைப் போடும் சத்தம் கேட்டது. தண்ணி விழத் தொடங்கியது. என் கை சுவிச்சிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. அதை நான் இறக்கவில்லை.

"பாத்தீங்களா மா..." என்றார்.

கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். கத்தவில்லை. அந்தச் சொல் பாதியில் நின்றது, தண்ணி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அதைப்போல ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. சுவிச்சை இழுத்தேன். உள்ளே ஏதோ சுவரில் மோதி வழுக்கி விழுந்தது. அதன் பிறகுதான் எல்லோரும் கத்தினார்கள்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதித்துவிட்டு மறுநாள் விட்டார்கள். வலது கை விரல்கள் மட்டும் இன்னும் மரத்துக் கிடக்கின்றன. தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தூக்குகிறார். வயரிங்காரர் வந்து திறந்து பார்த்தார். மெஷினுக்குள் ஏதோ ஒழுகுகிறதாம். ஒழுகுகிற கரண்டை நிலத்துக்குள் இறக்கிற எர்த் கம்பி இருக்கிறதாம், ஆனால் அது நட்ட மணல் இந்த வெயிலில் காய்ந்து போனதால் வேலை செய்யவில்லையாம். "மழை பெஞ்சா அது சரியாயிடும்" என்றார். வயரைக் கழற்றி முனையில் கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போனார். என்னை அவர் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை மருமகன் ஒரு டிரம் கொண்டு வந்தார். இடது கையால் கறுப்புப் பெயின்ட் அடித்துக் குளியலறைக் கூரையில் ஏற்றுவித்தார். மத்தியானத்தில் அதில் தண்ணி கொதிக்காத குறை. மகள் பகலில் குளிக்கிறாள், பிள்ளையையும் அதில்தான் குளிப்பாட்டுகிறாள். புகை இல்லை, பில் இல்லை.

ஆனால் இப்போது கச்சான் அடங்கிவிட்டது. பின்னேரங்களில் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. மாரி தொடங்கினால் நாள் கணக்கில் இங்கே வெயில் முகம் காணாது, டிரம் குளிர்ந்து கிடக்கும். வெள்ளைப் பெட்டி இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

நேற்று மருமகன் போனோடு விறாந்தையில் இருந்தார். "மழைக்கு முதல் அதத் திருத்திப்போடுவம் மாமி" என்றார். "வேற ஆள் வாறாரு. புது எர்த், புது ட்ரிப் சுவிச், எல்லாம் போட்டு."

நான் எழும்பி உள்ளே போகப் பார்த்தேன்.

"மாமா" என்றார். கல்யாணம் முடித்து வந்ததிலிருந்து அவர் என்னிடம் ஓர் உதவி என்று கேட்டதில்லை. "அண்டைக்கு நீங்க வேலைக்குப் போகாதங்க. சுவிச்சுக்குப் பக்கத்துல நில்லுங்க."

ஓம் என்றேன்.

பலகை திரும்பவும் குளியலறைக்குள் கிடக்கிறது. யார் கொண்டு வந்து வைத்தது என்று நான் கேட்கவில்லை. அதை எடுக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவும் இல்லை.